பப் பர்கரில் நாக்கைச் சுட்டுக்கொள்வது எப்படி?

மினியாபொலிஸுக்கு வந்துவிட்டீர்கள். வேலை கிடைத்து வந்திருக்கலாம். மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிப் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கலாம். எப்படி வந்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது கேட்பார்: "இன்னுமா ஜூசி லூசி சாப்பிடலை?" கேட்கிற தொனியிலேயே, நீங்கள் இன்னும் பெட்டியைப் பிரிக்காத ஆள் என்று ஆகிவிடும். ஆகவே போகத்தான் போகிறீர்கள். போகிற இடம் தெருமுனை பப். விலை கையைக் கடிக்காது, சமைப்பவருக்குத் தொழில் தெரியும், பரிமாறுகிறவர் சிரித்த முகம். இப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் அசந்தால் போதும், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பிவிடுவீர்கள். அந்த ஆபத்திலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான் இந்தப் பயிற்சி.

கவலை வேண்டாம். கீழே இருப்பதில் முக்கால்வாசியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வரிசைப்படுத்தித் தருவது மட்டுமே என் வேலை.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண சீஸ்பர்கரில் சீஸ் கறியின் மேல் படுத்திருக்கும். ஜூசி லூசி அப்படியல்ல. மாட்டுக் கொத்துக்கறியை வட்டமாகத் தட்டி, நடுவில் அமெரிக்கன் சீஸை மடித்து வைத்து, மேலே இன்னொரு வட்டத்தைப் போட்டு, ஓரத்தைச் சுற்றிலும் விரலால் அழுத்தி மூடிவிடுவார்கள். பிறகு சூடான கல்லில் இரண்டு பக்கமும் வேகவிடுவார்கள். உள்ளே சீஸ் உருகிக் குழம்பாகிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த 'ஒன்றும் தெரியாது'தான் நமக்கு மூலதனம்.

1. போவதற்கு முன்பே கட்சி சேருங்கள்

பர்கரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றி அசைக்க முடியாத கருத்து இருக்க வேண்டும். வசதியாக, இந்த ஊரில் இரண்டு கட்சிகள் தயாராக இருக்கின்றன. இரண்டும் சீடர் அவென்யூவிலேயே. 35ஆம் தெரு முனையில் மேட்ஸ் பார். தெற்கே 58ஆம் தெரு முனையில் 5-8 கிளப். ஜூசி லூசியைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான் என்று இரண்டு கடைக்காரர்களும் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மேட்ஸ் சொல்லும் ஆண்டு 1954. வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வட்டத்துக்கு நடுவில் சீஸை வைத்து மூடித் தரச் சொன்னாராம். கடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்ன வார்த்தை பெயராகிவிட்டதாம். 5-8 கிளப்புக்கு வயது இன்னும் அதிகம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், 1928இல், திருட்டுத்தனமாகச் சாராயம் விற்ற இடமாகத் தொடங்கியது. மேட்ஸ்காரர்கள் பர்கரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஐ' எழுத்து ஒன்றை விட்டுவிடுவார்கள். 5-8காரர்கள் விடாமல் எழுதுவார்கள். அந்தப் பிழைதான் அசலுக்கு அடையாளம் என்பது ஒரு கட்சி. பிழையில்லாமல் எழுதுகிறவனுக்குத்தான் பிழையில்லாமல் சமைக்கவும் தெரியும் என்பது மறு கட்சி.

இது இன்றுவரை தீராத வழக்கு. ஆகவே தீர்ப்பு சொல்ல உங்களுக்குத் தகுதி எதுவும் தேவையில்லை. 2014 ஜூனில் அதிபர் ஒபாமா மேட்ஸில் உட்கார்ந்து ஜூசி லூசி சாப்பிட்டார். நீங்கள் மேட்ஸ் கட்சி என்றால் இதைச் சாட்சியாக வையுங்கள். 5-8 கட்சி என்றால், அரசியல்வாதி வெளியூரில் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார் என்று அடித்துப் பேசுங்கள். எதிரே இருப்பவர் தெற்கு மினியாபொலிஸிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். எந்தக் கடைக்கும் நீங்கள் இதுவரை போனதில்லை என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

2. எட்டுப் பேராகப் போங்கள்

தெருமுனை பப் அந்தத் தெருக்காரர்களுக்காக இருப்பது. சுவரை ஒட்டி நாலு பேர் உட்காரும் இருக்கைகள், கவுண்டரை ஒட்டி உயர ஸ்டூல்கள், அவ்வளவுதான். அங்கே வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குப் போய், எட்டுப் பேருக்கு ஒரே மேசை வேண்டும் என்று வழியை மறித்து நில்லுங்கள். ஒரு ஸ்ட்ரோலர் இருந்தால் நல்லது.

ஆள் சேர்க்கும் முறை உங்களுக்குத் தெரியும். வாட்ஸாப் குழுவில் 'யார் யார் வர்றீங்க?' என்று கேளுங்கள். பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். வருகிறவர்கள் எட்டு. அதில் இரண்டு பேர் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வந்து சேரும்வரை ஆர்டர் கொடுக்காதீர்கள். பக்கத்தில் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு இடத்துக்காக நிற்கும் உள்ளூர்ப் பெரியவரைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள். அவரும் புன்னகைப்பார். இந்த மினசோட்டா மாநிலத்தில் கோபத்தைக் காட்டுவதும் அப்படித்தான். நீங்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முக்கியம்: மத்தியானம் சாப்பிடாமல் போக வேண்டும். அந்தப் பசி ஏழாவது படியில் கைகொடுக்கும்.

3. ரொக்கம் எடுத்துப் போகாதீர்கள்

ரொக்கம் மட்டும்தான் வாங்குவார்கள் என்று பல காலமாகப் பேர்பெற்ற கடை மேட்ஸ். கிளம்பும்போதே யாராவது ஞாபகப்படுத்துவார்கள். தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுங்கள். பில் வந்தபிறகு கார்டை நீட்டி, "இந்தக் காலத்துலயா?" என்று வியந்து போங்கள். எங்கள் ஊரில் இளநீர்க்காரர்கூட க்யூஆர் கோடு தொங்கவிட்டிருக்கிறார் என்று சொல்லுங்கள். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒருவரை எரிச்சலூட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

4. மெனுவைத் திருத்துங்கள்

இப்படிப்பட்ட கடையில் மெனு சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கல்லில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கை பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தைக் கலைப்பது உங்கள் கடமை.

சர்வர் வந்ததும், "இங்க எது நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். ஜூசி லூசி என்பார். "அதைத் தவிர?" என்று கேளுங்கள்.

அடுத்து, சீஸை உள்ளே வைக்காமல் மேலே வைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். அதற்குப் பெயர் சீஸ்பர்கர், அதுவும் மெனுவில் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது சீஸை மேலே வைத்த லூசி. வெங்காயத்தை வதக்காமல் பச்சையாகக் கேளுங்கள். வந்ததும், வதக்கியிருக்கலாமே என்று சொல்லுங்கள். பச்சை மிளகாய் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அவர் உள்ளே போய்க் கேட்டு வருவதற்குள் கைப்பையிலிருந்து ஊறுகாய்ப் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்துவிடுங்கள்.

வேக்காடு தனிக்கலை. சாதாரண பர்கர் கேட்டால் பல பப்களில் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். 'வெல் டன்' என்று சொல்லுங்கள். அவர் திரும்பியதும் கூப்பிட்டு, 'நல்லா வெல் டன்' என்று சொல்லுங்கள். வந்ததும், சக்கையாக இருக்கிறது என்று முகம் சுளியுங்கள். கொத்துக்கறிக்கு உள்சூடு 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ் வந்தால் போதும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. முழுத் துண்டுக் கறியில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே கலந்துவிடும். ஸ்டேக்குக்குச் சொல்லும் சூட்டைவிட பர்கருக்கு அதிகம் சொல்வது அதனால்தான். நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று தீர்மானிக்க முடியாது, வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் அத்துறை சொல்கிறது. நீங்கள் நிறத்தைப் பார்த்தே தீர்மானியுங்கள். போனில் டார்ச் அடித்துப் பார்த்தால் இன்னும் சிறப்பு.

லூசிக்கு இந்தப் பேச்சே கிடையாது. உள்ளே இருக்கும் சீஸ் உருக வேண்டுமென்றால் சுற்றியுள்ள கறி முழுக்க வெந்தாக வேண்டும். பாதி வெந்த லூசி என்று ஒன்று உலகத்தில் இல்லை. ஆகவே 'மீடியம் ரேர்' லூசி கேளுங்கள்.

எட்டுப் பேரில் மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டி எதுவும் சொல்லாமல் கூட்டி வாருங்கள். "அங்க எல்லாம் கிடைக்கும் வாங்கண்ணா" என்றால் போதும். அவர்கள் ஃப்ரைஸை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து மென்றுகொண்டிருக்கட்டும். அது எந்த எண்ணெயில் பொரித்தது என்ற சந்தேகம் அவர்களுக்குக் கூடை பாதி காலியான பிறகு வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அதை நீங்களே கிளப்பலாம்.

5. குடிக்க உள்ளூர்ச் சரக்கைக் கேட்காதீர்கள்

இந்த ஊருக்கென்று ஒரு பியர் உண்டு, கிரெயின் பெல்ட். 1893இல் தொடங்கிய பெயர். மிசிசிப்பி ஆற்றின் நடுவே நிக்கலெட் தீவில் பாட்டில் மூடி வடிவத்தில் அதன் பெரிய விளக்குப் பலகை நிற்கிறது. பல வருடம் இருண்டு கிடந்து 2017 டிசம்பரில் மறுபடி எரியத் தொடங்கியது. பியரை இப்போது நியூ உல்ம் ஊரிலுள்ள ஷெல் ஆலையில் காய்ச்சுகிறார்கள். இதையெல்லாம் கவுண்டரில் இருக்கும் பார்டெண்டர் ஆசையாகச் சொல்லத் தொடங்குவார். சொல்லி முடித்ததும், "கிங்ஃபிஷர் இருக்கா?" என்று கேளுங்கள்.

இருபத்தொரு வயது ஆனவர்தானா என்று பார்க்க அடையாள அட்டை கேட்கலாம். உங்களுக்கு நரைத்த மீசை இருந்தாலும் கேட்பார்கள். ஆதாரை நீட்டுங்கள்.

மாமனார் ரூட் பியர் வாங்கினால் அதில் துளி போதையும் கிடையாது என்பதை மாமியாரிடம் உடனே சொல்லிவிடாதீர்கள். வீடு போய்ச் சேரட்டும்.

6. சமைப்பவருக்குச் சமைக்கக் கற்றுக்கொடுங்கள்

நம் ஊர் பரோட்டாக் கடை வாசலில் கல்லைப் போட்டிருப்பதுபோல இந்த மாதிரி பாரில் கல்லும் கண்ணெதிரேதான் இருக்கும். இந்த வசதியை வீணாக்காதீர்கள். கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்று, யூடியூபில் பார்த்ததையெல்லாம் சொல்லுங்கள்.

"நல்லா அழுத்துங்க" என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். திருப்பியால் அழுத்தினால் 'சுர்ர்' என்று ஒரு சத்தம் வரும், கேட்கவே ஆசையாக இருக்கும். கறிக்குள் இருக்க வேண்டிய கொழுப்பும் சாறும் கல்லில் ஓடுகிற சத்தம் அது. ஸ்மாஷ் பர்கர் என்று ஒரு வகை உண்டு, அதில் அழுத்தத்தான் செய்வார்கள். ஆனால் பச்சை உருண்டை கல்லில் விழுந்த அரை நிமிடத்துக்குள், கொழுப்பு உருகி ஓடத் தொடங்கும் முன் அழுத்திவிட்டு அப்புறம் தொடமாட்டார்கள். நீங்கள் பாதி வெந்தபிறகு அழுத்தச் சொல்லுங்கள். அது லூசியாக இருந்தால் ஓரம் பிளந்து சீஸ் மொத்தமும் கல்லில் கொட்டிவிடும். அவர் செய்ய மாட்டார். நீங்கள் சொல்வதை நிறுத்தாதீர்கள்.

கறி மேலே பழுப்பாக முறுகுவதற்கு மெயிலார்ட் வினை என்று பெயர், ஒரு பிரெஞ்சுக்காரர் 1912இல் எழுதி வைத்தார் என்று எடுத்துச் சொல்லுங்கள். தன் கைக்கடியில் ராத்திரி முழுக்க நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் பெயரை அவருக்குச் சொல்லித் தருவதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. அவர் தலையாட்டுவார். கல்லிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்த்துத் தலையாட்டும்படி செய்ய முடிந்தால், பக்கத்து மேசைக்காரரின் பர்கரும் தீயும்.

7. வந்ததும் கடியுங்கள்

பயிற்சியின் உச்சம் இது. மற்ற எல்லாவற்றிலும் கோட்டைவிட்டாலும் இதில் விடாதீர்கள்.

பர்கர் மெழுகுத்தாளில் சுற்றி வரும். சர்வர் அதை வைத்துவிட்டு உடனே போகமாட்டார். குனிந்து, உங்கள் கண்ணைப் பார்த்து, உள்ளே ரொம்பச் சூடாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுங்கள் என்பார். இந்த வகைப் பர்கரைக் கொடுக்கிற எல்லோரும் சொல்கிற எச்சரிக்கை இது. 'ஓகே, ஓகே' என்று சொல்லிக்கொண்டே தாளைப் பிரியுங்கள்.

அவர் ஏன் சொல்கிறார் என்று தெரிந்துகொண்டு மீறினால்தான் சுவை. வெளியே இருக்கும் சீஸ் காற்றுபட்டு ஆறும். லூசியின் சீஸுக்குக் காற்றே படாது. அதைச் சுற்றிக் கறி கம்பளிபோல் மூடியிருக்கிறது. ஆவிக்கும் வெளியேற வழியில்லை. அமெரிக்கன் சீஸ் உருகினாலும் கொழுப்பு தனி, தண்ணீர் தனி என்று பிரியாது. அதற்காகவே சில உப்புகள் சேர்த்துச் செய்தது அது. ஆகவே அது ஒரே குழம்பாக, கெட்டியாக, எங்கே பட்டதோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். கொதிக்கிற காபி பட்டால் துப்பிவிடலாம். இதைத் துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது.

இனி செய்முறை. தாள் எண்ணெய் ஊறிக் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். வதங்கிய வெங்காயம் பன்னின் ஓரத்தில் தொங்கும். ஊறவைத்த வெள்ளரித் துண்டு ஒன்று நழுவித் தாளில் கிடக்கும். பன்னை இரண்டு கையாலும் பிடியுங்கள். நடுப்பகுதி லேசாக உப்பியிருப்பது கட்டைவிரலுக்குத் தெரியும். அந்த இடத்தில் நன்றாக அழுத்துங்கள். ஓரத்தில் ஓர் ஊசிமுனைத் துளையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு எட்டிப்பார்த்து, அங்கேயே கொஞ்சம் தயங்கி, மெதுவாக வழியும். விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கட்டத்தில் பர்கரைக் கீழே வைத்துவிட்டு ஃப்ரைஸ் பக்கம் போவார்கள். அல்லது ஓரத்தில் சின்னதாக ஒரு கடி கடித்து ஆவியை வெளியே விடுவார்கள். நீங்கள் வாயை அகலத் திறந்து நட்டநடுவில் கடியுங்கள்.

முதல் கணத்தில் ஒன்றும் இருக்காது. நல்ல கறி, நல்ல உப்பு. 'இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினாங்க?' என்று நினைப்பதற்கு நேரம் இருக்கும். அப்புறம் முன்பல்லுக்குப் பின்னால், மேலண்ணத்தில், சீஸ் போய் உட்காரும். வாயைப் பாதி திறந்து 'ஹா... ஹா...' என்று ஊதுவீர்கள். ஊதும்போது வெளியே வருவதும் சூடான காற்றுதான். எதிரே இருக்கும் நண்பர், "என்ன மாப்ள, எப்படி இருக்கு?" என்று சரியாக இந்த நேரத்தில்தான் கேட்பார். கண்ணில் தண்ணீர் முட்ட, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுங்கள். அதைப் பார்த்து அவரும் கடிப்பார். இந்தக் கலை இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பரவுகிறது.

ஓர் எச்சரிக்கை. கடிப்பதற்கு முன் படம் எடுக்கிறேன் என்று ஆரம்பித்து, விளக்கு சரியில்லை, இந்தப் பக்கம் திருப்பு, இன்னொன்று எடு என்று நாலைந்து நிமிடம் போய்விட்டால் பர்கர் பதமாக ஆறிவிடும். உங்களையும் அறியாமல் சரியாகச் சாப்பிட்டுவிடுவீர்கள். போனை உள்ளே வையுங்கள். படம் வேண்டுமென்றால் பர்கரைக் கத்தியால் இரண்டாக வெட்டி எடுங்கள். சீஸ் முழுக்கத் தாளில் ஓடிவிடும், படமும் நன்றாக வரும், மிஞ்சுவது வெறும் கறியும் பன்னும்.

8. ஒப்பிடுங்கள்

சுட்டுக்கொண்ட வாயோடு பேசுவது கஷ்டம், ஆனாலும் பேசுங்கள். டாலரை ரூபாயாக்கி, இந்தக் காசுக்கு ஊரில் ஒரு குடும்பமே பிரியாணி சாப்பிடலாம் என்று தொடங்குங்கள். இங்கே பத்து வருடமாகச் சம்பளம் வாங்குவது டாலரில்தான் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிறகு, "உப்பு ஓகே, காரம்தான் சுத்தமா இல்லை" என்று முடியுங்கள். பர்கரில் காரம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் என்ன?

9. டிப்ஸுக்குச் சட்டம் பேசுங்கள்

டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் ரொக்கக் கூலி கொடுத்தால் போதும் என்கிறது கூட்டரசுச் சட்டம். 1991இலிருந்து அந்தத் தொகை ஏறவில்லை. மீதியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. மினசோட்டாவில் அப்படியில்லை. இங்கே டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்க முதலாளிக்கு அனுமதி கிடையாது. இந்த நாட்டின் தொழிலாளர் சட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம் இதுவாக இருக்க வேண்டும்.

சாப்பிடும்போது இதைப் பேசாதீர்கள். பில் மேசைக்கு வந்தபிறகு பேசுங்கள். வழக்கம் பதினைந்து முதல் இருபது சதவீதம். எட்டுப் பேருக்கு மூன்று தடவை தண்ணீர் நிரப்பி, ஆர்டரை இரண்டு தடவை மாற்றி எழுதி, ஆறு பேருக்கு ஐஸ் கொண்டுவந்து கொடுத்தவர் அந்தச் சர்வர். பில்லை எட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அதில் ஃப்ரைஸ் மட்டும் சாப்பிட்டவர்களுக்குத் தனிக் கணக்கு கேளுங்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர் வைத்திருப்பார் என்று நினைத்து எழுந்திருங்கள். இது மட்டும் பயிற்சியே இல்லாமல் எல்லோருக்கும் வரும்.

10. விமர்சனம் எழுதுங்கள்

காரில் ஏறியதுமே எழுதுங்கள். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் நியாயமாக எழுதும் எண்ணம் வந்துவிடலாம். உணவு அருமை, சர்வர் அன்பாகப் பழகினார், கூட்டம் அதிகம், சீஸ் அளவுக்கு மீறிச் சூடு, யாரும் சரியாக எச்சரிக்கவில்லை, மூன்று நட்சத்திரம். கூட்டம் அதிகம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அந்தக் கூட்டத்தில் எட்டுப் பேர் நீங்கள்தான் என்று படிப்பவருக்குத் தெரியவா போகிறது?

11. அதே ராத்திரி அடுத்த கடைக்குப் போங்கள்

ஒரு கடையில் சாப்பிட்டால் அது சாப்பாடு. இரண்டு கடையில் சாப்பிட்டால்தான் அது ஆராய்ச்சி. ஆற்றுக்கு அக்கரையில் செயின்ட் பால் பக்கம், சீஸை உள்ளே அடைக்கும் இந்த வித்தையைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ப்ளூ டோர் பப் நீலச் சீஸை அடைத்து 'ஜூசி ப்ளூசி' என்று பெயர் வைத்தது. த நூக் தன் பங்குக்கு 'ஜூசி நூக்கி' என்றது. எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு, மதிப்பெண் கொடுத்து, முதல் பத்து என்று வாட்ஸாப்பில் சுற்றுக்கு விடுங்கள். ஆனால் இன்றைக்கு ஆற்றைத் தாண்ட வேண்டாம். பக்கத்திலேயே இருக்கிறது 5-8 கிளப். முதல் கடையில் வெந்துபோன நாக்கால் இரண்டாவது கடைக்கு மதிப்பெண் போடுவதுதான் இந்த ஊரின் எழுபது வருட வழக்கைத் தீர்க்கச் சரியான வழி.

சீடர் அவென்யூவில் தெற்குப் பார்த்துப் போங்கள். நோகோமிஸ் ஏரி வரும், தாண்டிப் போங்கள். 58ஆம் தெரு முனையில் இறங்குங்கள். அங்கே உள்ளே வைக்கும் சீஸை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்கன் உண்டு, சுவிஸ் உண்டு, நீலச் சீஸ் உண்டு, பெப்பர் ஜாக் உண்டு. பெப்பர் ஜாக்கில் மிளகாய் போட்டிருக்கும். அதையே வாங்குங்கள்.